பூநாரையைப் பார்க்கப் புறப்படுமுன்

கும்மிடிப்பூண்டி என்றதும் உங்கள் மனக்கண்ணில் எழுவது என்ன? ஆலைகளின் புகைபோக்கிகள், சிப்காட் வளாகத்துக்குள் ஓயாமல் நுழையும் லாரிகள், ஷிஃப்டுக்கு விரையும் தொழிலாளர்கள். இவைதாமே? ஆனால் அந்தப் புகைபோக்கிகளிலிருந்து கிழக்கே, பறவை பறக்கும் நேர்க்கோட்டில் 25 கி.மீ. தொலைவுக்குள், நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பரந்து கிடக்கிறது. அதுதான் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்த இடம் இதற்கே. மேற்கிலும் வடமேற்கிலும் பார்த்தால் நாகலாபுரம் மலைத்தொடர், அதன் பள்ளத்தாக்குகள், ஓடைகள். இப்படிக் கடலையும் மலையையும் இருபுறமும் வைத்துக்கொண்டு நடுவே வாழும் திருவள்ளூர் மாவட்ட மாணவர்கள் பேறு பெற்றவர்கள்!

குளிர்காலம் வந்துவிட்டால் பள்ளிகளில் "பறவை பார்க்கப் போகலாமா?" என்ற பேச்சு எழும். வண்டி யார் ஏற்பாடு செய்வது, புளிசாதம் யார் கொண்டுவருவது என்றெல்லாம் பட்டியல் தயாராகும். இவை வேண்டியவைதாம். ஆனால் இவற்றுக்கு முன்பே கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் உள்ளன. எந்த மாதம் செல்வது? நாளின் எந்த நேரத்தில்? எவ்வளவு தூரத்தில் நிற்பது? நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? ஏறப்போகும் படகு எத்தனை பேரைத் தாங்கும்? இவற்றுக்கு விடை சொல்லத் தனித் திறமை எதுவும் தேவையில்லை. உங்கள் பௌதிகப் பாடப் புத்தகமும் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டருமே போதும். விடை தெரியாமல் சென்றால் பறவையைக் காணாமல் திரும்பலாம். சில வேளைகளில் திரும்பாமலே போகவும் நேரலாம். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த மாதம்?

பழவேற்காடு ஏரி வடக்கு தெற்காகச் சுமார் 60 கி.மீ. நீளமுடையது. அதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. தமிழ்நாட்டுப் பகுதி 1980-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல் தீவு இருக்கிறது. ராக்கெட்டுகள் புறப்படும் அதே ஸ்ரீஹரிகோட்டாதான்! இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஏரி என்பதைவிட, மிகப் பெரிய தாம்பாளம் என்றே இதைச் சொல்லலாம்.

இந்த ஆழமின்மையே பறவைகளை அழைக்கிறது. பெரும் பூநாரை ஒன்றரை மீட்டர் வரை உயரமுள்ள பறவை. நீண்ட கால்களால் நீரில் நின்று, வளைந்த அலகைத் தலைகீழாக நீருக்குள் செலுத்தும். நாக்கைப் பிஸ்டன் போல் முன்னும் பின்னும் அசைத்து நீரை உறிஞ்சி வெளியேற்றும். அலகின் ஓரங்களில் உள்ள சீப்புப் பற்கள் போன்ற தகடுகள் பாசிகளையும் சிற்றிறால் போன்ற சிற்றுயிர்களையும் வடிகட்டி நிறுத்திக்கொள்ளும். அந்த உணவில் உள்ள கரோட்டினாய்டு என்னும் நிறமிப் பொருளே அதன் இறகுகளுக்கு ரோஜா நிறத்தைத் தருகிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. ஆரணியாறு, காளங்கி முதலிய ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து ஏரியை நிரப்புகின்றன. அப்போது பல இடங்களில் நீர் பறவையின் கால் நீளத்துக்கு மேல் நிற்கும். பூநாரைக்கு நீந்தவும் தெரியும் என்றாலும், அது பெரும்பாலும் நின்றுகொண்டே மேயும் பறவை. மழை ஓய்ந்து ஜனவரி, பிப்ரவரியில் நீர்மட்டம் இறங்க இறங்க, மேய்வதற்கேற்ற ஆழமற்ற பரப்பு விரிகிறது. வடநாடுகளிலிருந்து குளிருக்கு ஒதுங்கி வரும் ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் அப்போது இங்கேயே இருக்கும். கூழைக்கடாக்களையும் காணலாம். எனவே முதல் கேள்விக்கு விடை, ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய.

எந்த நேரம்?

ஜனவரியின் பிற்பகுதியில் இப்பகுதியில் சூரியன் காலை சுமார் 6.35 மணிக்கு உதித்து, மாலை சுமார் 6.10 மணிக்கு மறைகிறது. உதிக்கும் இடம் நேர்க்கிழக்கு அன்று. கிழக்கிலிருந்து ஏறத்தாழ 20 டிகிரி தெற்கே தள்ளியே உதிக்கிறது. நண்பகலிலும் தலைக்கு நேர் மேலே வருவதில்லை. தென்வானில் சுமார் 56 டிகிரி உயரத்தில் நின்றுவிடுகிறது.

இந்தச் செய்தியால் என்ன பயன்? பழவேற்காடு ஊர் ஏரியின் தென்கோடியில் இருக்கிறது. அங்கே நின்று வடக்கே ஏரியைப் பார்த்தால், அம்மாதத்தில் நாள் முழுவதும் சூரியன் நம் முதுகுப் பக்கமே இருக்கும். பறவையின் நிறம் பளிச்செனத் தெரியும். எதிர்த்திசையில் சூரியனைப் பார்த்து நின்றாலோ, ரோஜா நிறப் பூநாரையும் கரிக்கோட்டுப் படமாகத்தான் தெரியும்.

சூரியன் நாள் முழுவதும் முதுகுப் பக்கம்தான் என்றால் எந்த நேரமும் நல்ல நேரமே அல்லவா? இல்லை. இங்கே இரு தடைகள் குறுக்கிடுகின்றன.

முதலாவது கானல். வெயில் ஏற ஏறச் சேற்றுப் பரப்பும் மணலும் சூடாகின்றன. அவற்றை ஒட்டிய காற்று விரிவடைந்து அடர்த்தி குறைகிறது. மேலே உள்ள காற்றைவிட அதன் ஒளிவிலகல் எண் சற்றுக் குறைந்துவிடுகிறது. சூடான காற்றுக் குமிழிகள் எழும்போது அவற்றின் வழியே வரும் ஒளிக்கதிர் இடைவிடாமல் திசை மாறுகிறது. தார்ச்சாலை நடுப்பகலில் நெளிவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். பைனாக்குலர் பறவையைப் பெரிதாக்கும்போது இந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கிவிடும். விலை உயர்ந்த கருவியும் நடுப்பகலில் வீண்.

இரண்டாவது கடற்காற்று. நீரின் தன்வெப்பம் உலர்ந்த மணலின் தன்வெப்பத்தைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அத்துடன் கடல் தன் வெப்பத்தை ஆழத்துக்கும் பகிர்ந்துகொள்கிறது. ஆகவே ஒரே வெயிலில் நிலம் விரைவாகச் சூடாகிறது. கடல் அப்படியே இருக்கிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. நண்பகலை ஒட்டி இது வலுக்கும்போது, காலையில் கண்ணாடி போல் கிடந்த ஏரியில் சிற்றலைகள் எழுகின்றன. கரையோரத்து மீனவர்கள் அதிகாலையில் வேலையைத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே இரண்டாம் கேள்விக்கு விடை, சூரியன் உதிக்கும் நேரத்திலிருந்து ஏறத்தாழ ஒன்பதரை மணி வரை. விட்டால் மாலை நாலரைக்கு மேல்.

எவ்வளவு தூரம்?

பறவையை அருகில் பார்க்க எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் அருகில் செல்வதற்கு இரு வழிகள் இருக்கின்றன. ஒன்று நாம் நகர்வது. மற்றொன்று ஒளியை நகர்த்துவது.

500 மீட்டர் தொலைவில் 1.4 மீட்டர் உயரமுள்ள பூநாரை ஒன்று நிற்கிறது எனக் கொள்வோம். அது நம் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் 0.16 டிகிரி. முழுநிலவின் விட்டம் வானில் சுமார் அரை டிகிரி. அதாவது பறவை, நிலவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரமே தெரியும். இப்போது எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாக்குலரை எடுங்கள். கோணம் 1.28 டிகிரியாகிறது, ஏறத்தாழ இரண்டரை நிலவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம்! வெறுங்கண்ணால் இதே அளவுக்குக் காண வேண்டுமானால் நீங்கள் 500-ஐ 8 ஆல் வகுத்த தூரத்துக்கு, அதாவது சுமார் 62 மீட்டருக்குச் செல்ல வேண்டும். அவ்வளவு நெருக்கத்தில் படகு வருமுன்பே கூட்டம் பெரும்பாலும் எழுந்து பறந்துவிடும்.

பைனாக்குலரில் 8×40 என்று பொறித்திருப்பார்கள். 8 என்பது உருப்பெருக்கம்; 40 என்பது முன் லென்சின் விட்டம் மில்லிமீட்டரில். 40-ஐ 8 ஆல் வகுத்தால் 5. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் 5 மி.மீ. என்று பொருள். விடியலின் மங்கலான ஒளியில் நம் கண்ணின் பாவை விரிந்திருக்கும். அதற்கு இந்த அளவு நன்கு பொருந்தும். ஒரு எச்சரிக்கை: எக்காரணம் கொண்டும் பைனாக்குலரைச் சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது. லென்சு குவிக்கும் ஒளி விழித்திரையைச் சுட்டுவிடும்.

பறவையை விரட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுப்பதில் சிலருக்கு மகிழ்ச்சி. பூநாரை எழும்பிப் பறக்க, நீர்ப்பரப்பின் மேல் ஓடி வேகம் பெற வேண்டும். அதற்குச் செலவாகும் ஆற்றலை மீண்டும் துளித்துளியாக நீரை வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும். நமக்கு ஒரு படம். அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு. கரையில் நின்று, பைனாக்குலரை ஒருவருக்கொருவர் மாற்றிப் பார்ப்பதே முறை.

நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

பழவேற்காட்டுக்கு அருகே ஏரி கடலோடு சேரும் வாய்க்கு முகத்துவாரம் என்று பெயர். மணல் அதைச் சில காலம் அடைப்பதும் வெள்ளம் திறப்பதுமாக இருக்கும். பார்ப்பதற்கு அழகான இடம். அதனாலேயே பயணிகள் அங்கே குவிகிறார்கள். ஆனால் ஏரியில் மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் அதுவே. ஏன் என்று ஒரு சிறு கணக்கால் காண்போம்.

கடலில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை நீர் ஏறி வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் மிகுதி; சென்னைக் கடற்கரையில் அப்போது சுமார் ஒரு மீட்டர். அட்டமியை ஒட்டிக் குறைவு. முகத்துவாரம் திறந்திருக்கையில் ஏரியும் இதற்கேற்ப நீரை வாங்கி விடுகிறது.

ஏரியில் 10 சதுர கி.மீ. பரப்பில் நீர்மட்டம் வெறும் 10 செ.மீ. மட்டுமே இறங்குகிறது எனக் கொள்வோம். வெளியேறும் நீர் 10 லட்சம் கன மீட்டர். இது ஆறு மணி நேரத்தில், அதாவது 21,600 விநாடிகளில் வெளியேற வேண்டும். விநாடிக்குச் சுமார் 46 கன மீட்டர். கடந்து செல்லும் வாய் 50 மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உடையது எனில் நீரின் வேகம் விநாடிக்கு 90 செ.மீ.க்கு மேல் வருகிறது. இது சராசரிதான், இடைப்பட்ட மணி நேரங்களில் இன்னும் கூடும். கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. ஆனால் விதி ஒன்றே: பரந்த இடத்தில் கண்ணுக்கே தெரியாத இறக்கம், குறுகிய வாயில் ஓட்டமாக மாறிவிடுகிறது. நீரின் வேகம் இரு மடங்கானால் அது நம் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. காலடி மணலையும் அரித்துச் செல்கிறது.

இத்துடன் முடியவில்லை. கடலிலிருந்து அலைகள் உள்ளே வருகின்றன. ஏரி நீர் வெளியே ஓடுகிறது. எதிரோட்டத்தில் நுழையும் அலை நெருக்கப்படுகிறது. அலைநீளம் குறுகி உயரம் கூடுகிறது. செங்குத்தான அலை உடைந்து விழுகிறது. சற்று முன்வரை அமைதியாக இருந்த அதே இடம், நீர் திரும்பிய சில மணி நேரத்தில் இப்படி மாறக்கூடும். அமாவாசை, பௌர்ணமியைக் காலண்டரில் பார்த்துவிடுங்கள். ஏற்ற வற்ற நேரத்தை ஊர் மீனவர்களிடம் கேளுங்கள். இன்று கண்ட நேரம் நாளை சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நிலவு நாள்தோறும் தாமதமாக உதிப்பதும் ஏறத்தாழ இதே அளவுதான்.

படகு எத்தனை பேரைத் தாங்கும்?

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை நாள். பழவேற்காட்டில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சென்ற ஒரு படகு கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அளவுக்கு மேல் ஆட்கள் ஏறியிருந்ததாக அப்போதைய செய்திகள் கூறின. இதன் பின்னர் அங்கே சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்லத் தடை விதிக்கப்பட்டது.

"படகு மூழ்கவில்லையே, மிதந்துகொண்டுதானே இருந்தது, ஏன் கவிழ்ந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். மிதப்பது வேறு, நிமிர்ந்து மிதப்பது வேறு. முன்னதை ஆர்க்கிமிடீஸ் விதி கூறுகிறது. பின்னதற்குப் புவியீர்ப்பு மையத்தைப் பார்க்க வேண்டும்.

6 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் கொண்ட பெட்டி வடிவப் படகு ஒன்றைக் கற்பனை செய்வோம். அடிப்பரப்பு 9 சதுர மீட்டர். படகு 600 கிலோ. 60 கிலோ எடையுள்ள 20 பேர் 1,200 கிலோ. மொத்தம் 1,800 கிலோ. ஆகவே படகு 20 செ.மீ. ஆழம் அமிழ்ந்து மிதக்கும். "அவ்வளவுதானா? இன்னும் பத்துப் பேர் ஏறலாமே!" என்று தோன்றுகிறது அல்லவா? ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

படகு ஒரு பக்கம் சாய்ந்தால், சாய்ந்த பக்கம் அதிகம் அமிழ்கிறது. மேல்நோக்கிய மிதப்பு விசையும் அந்தப் பக்கம் நகர்ந்து, படகை நிமிர்த்தப் பார்க்கிறது. இந்த நிமிர்த்தும் ஆற்றலுக்கு ஓர் எல்லைப் புள்ளி உண்டு. மெட்டாசென்டர் என்பது அதன் பெயர். மொத்தப் புவியீர்ப்பு மையம் அப்புள்ளிக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு உறுதி. மேலே போய்விட்டால் படகு தானாகவே கவிழும். நம் படகில் அப்புள்ளி அடித்தளத்திலிருந்து 1 மீட்டர் 4 செ.மீ. உயரத்தில் அமைகிறது.

எல்லோரும் பலகையில் உட்கார்ந்திருக்கையில் மொத்தப் புவியீர்ப்பு மையம் சுமார் 50 செ.மீ. உயரத்தில் இருக்கும். இடைவெளி 54 செ.மீ. "அதோ பறவை!" என்று யாரோ கூவ, எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். மையம் 77 செ.மீ.க்கு ஏறுகிறது. இடைவெளி 27 செ.மீ. ஒரு நொடியில் படகின் உறுதி பாதியாகிவிட்டது! படகில் ஒரு கிலோகூடக் கூடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து, பத்துப் பேர் படம் எடுப்பதற்காக ஒரு பக்கம் அரை மீட்டர் நகர்கிறார்கள். மற்றவர்களும் அவர்களும் உட்கார்ந்த நிலையில் நகர்ந்திருந்தால், அந்தப் பக்கத்து விளிம்பு தோராயமாக 23 செ.மீ. தாழும். நின்ற நிலையிலோ 46 செ.மீ. தாழும். விளிம்பு நீருக்கு மேல் 40 செ.மீ. மட்டுமே இருந்தால்? நீர் உள்ளே பாய்கிறது. உள்ளே புகுந்த நீர் தாழ்ந்த பக்கமே ஓடிச் சாய்வை மேலும் கூட்டுகிறது. இதில் அலையையே நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. அதிக ஆட்கள் என்றால் விளிம்பின் உயரமும் குறையும், நிற்பவர்களும் கூடுவார்கள். ஆபத்து இரு வழியிலும் பெருகுகிறது.

உயிர்காக்கும் மேலங்கி என்ன செய்கிறது? மனித உடலின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே. அதனால் நாம் மூழ்கவும் மாட்டோம், தலை வெளியே தெரிய மிதக்கவும் மாட்டோம். இரண்டுக்கும் நடுவில் தத்தளிப்போம். தலையை நீருக்கு மேல் நிறுத்தச் சில லிட்டர் கன அளவுள்ள மேலங்கியே போதுமானது. நீச்சல் தெரிந்தவருக்கும் அது தேவை. விழுந்த அதிர்ச்சியில் நீச்சல் மறந்துபோகலாம். மேலங்கி தன் வேலையை மறப்பதில்லை.

எனவே விதி எளிது. படகுச் சவாரிக்கு அரசு அனுமதி இல்லையெனில் ஏறாதீர்கள். அனுமதி இருந்தாலும், மேலங்கி இல்லையெனில் ஏறாதீர்கள். ஏறினால் எழுந்து நிற்காதீர்கள். பூநாரையைப் பார்க்கப் படகே தேவையில்லை என்பதைத்தான் மேலே கண்டோமே!

மலைப் பக்கம் போனால்?

ஏரிக்குப் பதில் மலைப் பள்ளத்தாக்குக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாகலாபுரம் மலை ஓடையாக இருக்கலாம். விடுமுறையில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள போடிநாயக்கனூர் போன்ற ஊராகவும் இருக்கலாம். கேள்விகள் மாறுவதில்லை, விடைகள்தாம் மாறுகின்றன.

நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கின் மேற்கே உள்ள மலைமுகடு அடிவானத்துக்கு மேல் 20 டிகிரி உயர்ந்து நின்றால், மணிக்கு 15 டிகிரி நகரும் சூரியன் காலண்டர் கூறும் நேரத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் முந்தியே மறைந்துவிடும். மரங்களின் அடியில் இருட்டு இன்னும் விரைவாக வரும். ஆகவே மலையில் ஐந்து மணிக்குள் அடிவாரம் சேர்வதாகத் திட்டமிட வேண்டும்.

நீரை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குளிக்கும் ஓடைக்கு மேலே 5 சதுர கி.மீ. மலைச்சரிவு இருக்கிறது. அங்கே 5 செ.மீ. மழை பெய்தால் இரண்டரை லட்சம் கன மீட்டர் நீர். அதில் பாதி இரண்டு மணி நேரத்தில் ஓடைக்கு வந்தாலும் விநாடிக்கு 17 கன மீட்டர். ஏறக்குறைய இரண்டு பெரிய தண்ணீர் லாரிகள் ஒவ்வொரு விநாடியும் கவிழ்க்கப்படுவதற்குச் சமம். நீங்கள் நிற்குமிடத்தில் வெயில் அடிக்கலாம். மழை மேலே எங்கோ பெய்திருக்கலாம். நீர் திடீரெனக் கலங்கினால், சருகுகள் மிதந்து வந்தால், ஓசை மாறினால், பொருட்களை எடுக்கக்கூட நிற்காமல் பக்கவாட்டில் மேடேறிவிட வேண்டும்.

காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் கடற்காற்றை உண்டாக்கிய அதே வெயில், மலையில் சரிவுகளைச் சூடாக்கிப் பகலில் காற்றை மேல்நோக்கி வீசச் செய்கிறது. இரவில் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்குகிறது. கோடையில் புல் காய்ந்திருக்கும்போது இது உயிர்ப் பிரச்சினையாகிவிடும். சரிவில் ஏறும் தீயின் நாக்கு மேலேயுள்ள புல்லின் பக்கம் சாய்ந்து, அதை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்துகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது காட்டுத்தீ அணைப்போரின் பொது விதி. 20 டிகிரிச் சரிவில் நான்கு மடங்கு. மேல்நோக்கி ஓடும் மனிதனின் வேகமோ குறைந்துகொண்டே போகும். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அவ்வாண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்துக்கென விதிகளை வகுத்தது. 2024-இல் வனத்துறை வழிகாட்டிகளுடன் செல்லக்கூடிய பாதைகள் அறிவிக்கப்பட்டன. நம் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையும் அவற்றுள் ஒன்று. அனுமதிச் சீட்டு என்பது வெறும் காகிதம் அன்று. நீங்கள் மலையில் இருக்கிறீர்கள் என்பது கீழே ஒருவருக்குத் தெரியும் என்பதன் அடையாளம்.

ஒரு நாள் திட்டம்

இனி, பழவேற்காட்டுக்கான திட்டத்தை எழுதிவிடலாம்.

முந்தைய நாள்: காலண்டரில் திதியையும் சூரிய உதயத்தையும் குறித்துக்கொள்க. வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைக் கேட்க. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுக. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை எழுதி வீட்டில் ஒரு பிரதி தருக.

விடியற்காலை: கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரிக்கு மின்சார ரயில், அங்கிருந்து சுமார் 20 கி.மீ. பேருந்து. முதல் வண்டி நேரத்துக்கு வராது எனில், ஆசிரியர் துணையுடன் தனி வண்டி.

காலை 6.30 முதல் 9.30 வரை: தென்கரையில் நின்று பறவை பார்த்தல். பத்துப் பேருக்கு ஒரு பைனாக்குலர் போதும். மீன்வலைகளை மிதிக்காதிருக்க. ஏரி பறவைக்கு மட்டுமின்றி மீனவர்களுக்கும் சாப்பாட்டுத் தட்டு.

நடுப்பகல்: கானல் நேரம். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தையும் மரநிழலையும் இதற்கென ஒதுக்குக. ஒருவருக்கு இரண்டு லிட்டர் குடிநீராவது இருக்கட்டும்.

மாலை 4.30 முதல் 5.30 வரை: மீண்டும் பறவைகள். பிறகு புறப்பாடு. இருட்டுமுன் பொன்னேரி.

மாணவர்களே, இத்திட்டத்தில் முகத்துவாரக் குளியலும் படகுச் சவாரியும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கோழைத்தனத்தால் விட்டவை அல்ல அவை. கணக்குப் போட்டுப் பார்த்து விட்டவை. உங்கள் வகுப்பில் அடுத்த முறை "போகலாமா?" என்ற பேச்சு எழும்போது, ஒரு தாளை எடுத்து இந்த ஐந்து கேள்விகளையும் எழுதுங்கள். போகும் இடம் ஏரியோ, அருவியோ, மலையோ, அதற்குரிய விடைகளை நிரப்புங்கள். ஒரு விடை காலியாக இருந்தால் அது கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். பூநாரைகள் அடுத்த ஜனவரியிலும் வரும். அவற்றைப் பார்க்க நீங்களும் இருக்க வேண்டும்.